கோணியில் வந்த பெரிய துண்டுகள்

செம்பின் விலையைப் பார்த்தே உலகப் பொருளாதாரத்தின் உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என வணிகப் பக்கங்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். வீடு கட்டச் செம்பு வேண்டும், கார் செய்யச் செம்பு வேண்டும், மின்கம்பி இழுக்கச் செம்பு வேண்டும். செம்புக்குக் கிராக்கி இருந்தால் எங்கோ வேலை நடக்கிறது என்று அர்த்தமாம். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை: ஆம்பூருக்கு எது செம்பு?

தோல் பதனிடும் சரக்குகள் விற்கும் ஒரு கடையில் பில் போடுவது என் வேலை. உப்பு, சுண்ணாம்பு, சாயம், எண்ணெய் என்று எல்லாம் மூட்டையாகவும் பேரலாகவும் வந்து போகும். மேல்விஷாரத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கடை சாத்துவதற்கு முன், அன்று காலையில் காலண்டரில் கிழித்த தாளை எடுத்து அதன் பின்பக்கம் அன்றைய விலைகளை எழுதிக்கொள்வேன். தேதி முன்பக்கத்திலேயே அச்சாகி இருப்பதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். வருடக் கடைசியில் நூல் போட்டுக் கட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிடுவேன். "ஊர்ல எல்லாரும் காலண்டர் தாள்ல வடை மடிப்பாங்க, இந்த வீட்ல உப்பு விலையை மடிச்சி வெக்கிறாங்க" என்பாள் என் மனைவி. இதனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா என்று ஒரு தடவை கேட்டாள். கரையானுக்கு உண்டு என்று நானே சொல்லிவிட்டேன்.

முதலில் உப்புதான் எங்கள் செம்பு என்று நினைத்தேன். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்பு தடவித்தான் ஆகவேண்டும். தோல் வரவர உப்பு போகும். ஆனால் கடலோரத்தில் நாலு நாள் மழை பிடித்தாலும் உப்பு விலை ஏறிவிடுகிறது. மழைக்கு ஏறியதா தோலுக்கு ஏறியதா என்பது விலையைப் பார்த்தால் தெரியாது.

பிறகு பச்சைத் தோலின் விலையைக் கவனித்தேன். பக்ரீத் முடிந்த வாரம் சரக்கு மலையாகக் குவிந்து விலை விழும். அது ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். சமீப வருடங்களில், பள்ளிவாசல்களுக்கு நன்கொடையாக வந்த ஆட்டுத்தோலை ஏற்றிக்கொண்டு வரும் வண்டியின் வாடகைக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். கிராமம் கிராமமாகப் போய்த் தோல் வாங்கி வந்தவர்கள் பலர் நிறுத்திக்கொண்டார்கள். வரத்து குறைந்ததும் விலை கொஞ்சம் தலைதூக்கியது. 'பச்சைத் தோல் விலை உயர்வு' என்று தாளில் எழுதினேன். நல்ல செய்தி மாதிரி இருந்தது. நல்ல செய்தி இல்லை என்றும் தெரிந்தது.

எங்கள் ஊர்ச் செம்பைக் கடைசியில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கண்டுபிடித்தேன்.

என் மனைவி துண்டுத் தோலில் சாவிக்கொத்து, சில்லறைப் பை, கண்ணாடி உறை எல்லாம் தைப்பவள். வேலூரில் சில கடைகளுக்குப் போடுகிறாள். அவளுக்குத் துண்டுத் தோல் வருவது எங்கள் தெருக்கோடியில் குடோன் வைத்திருக்கும் பாயிடமிருந்து. ஷூ கம்பெனிகளிலும், அவர்களுக்குக் கூலிக்கு வெட்டிக்கொடுக்கும் சின்ன யூனிட்டுகளிலும் தோலை வெட்டியதுபோக மிச்சம் விழுவதை அவர் மொத்தமாக எடுத்து, கோணியில் அடைத்து எடைக்கு விற்பார். மாதம் இரண்டு கோணி எங்கள் வீட்டுக்கு வரும். அவள் தரையில் பழைய போர்வையை விரித்துக் கொட்டிப் பிரிப்பாள். நான் பேப்பர் படித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

பல வருடங்கள் பார்த்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. கம்பெனிகளில் ஆர்டர் நெருக்கும்போது வெட்டுகிறவர்கள் அவசரத்தில் வெட்டும் அச்சைத் தள்ளித் தள்ளி வைத்து அமுக்குவார்கள். இடையில் விழும் துண்டுகள் உள்ளங்கை அகலத்துக்கு வரும். ஆர்டர் கம்மியாகிவிட்டால் மேனேஜர் பின்னாலேயே நின்றுகொண்டு ஒரு விரற்கடை தோல்கூட வீணாகாமல் வெட்டவைப்பார். அப்போது கோணியில் வருவதெல்லாம் நாடா மாதிரியும் பிறை மாதிரியும் ஒல்லி ஒல்லியாக இருக்கும். இதில் ஒரு வேடிக்கை, தொழில் படுத்திருக்கும் அந்தச் சமயத்தில்தான் பாய் கிலோவுக்கு விலையை ஏற்றுவார். உபயோகமான துண்டு கம்மி, கேட்கிறவர்கள் ஜாஸ்தி. விலையை மட்டும் காதில் வாங்குகிறவன் ஆம்பூரில் வியாபாரம் ஓஹோவென்று இருப்பதாக நினைத்துக்கொள்வான்.

ஆகவே நான் விலையை விட்டுவிட்டு அகலத்தைப் பிடித்துக்கொண்டேன். காலண்டர் தாளில் 'கோணி: பெரிது', 'கோணி: சிறிது' என்று ஒரு வரி சேர்ந்தது. 2020இல் ஊரடங்கு வந்து கோணியே வராமல் போன வாரங்களில் அந்த வரியில் வெறும் கோடு போட்டிருக்கிறேன். ஊரடங்கு தளர்ந்து முதல் கோணி வந்தபோது என் மனைவி அதன் வாயை அவிழ்த்துத் தோல் வாசனையை ஒரு தடவை இழுத்து மூச்சுவிட்டாள். எங்கள் ஊரில் நாற்றம் என்று வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடிப்பது அந்த வாசனையைத்தான்.

இனி நான் சொல்லவேண்டியது 2025 ஆவணி, புரட்டாசியில் நடந்தது.

அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு வரியை ஏற்றியிருந்தது. அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் கம்பெனி பஸ்களில் ஜன்னலோர இடங்கள் காலியாகத் தெரிந்தன. என் மனைவியின் தங்கை ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறவள். அப்பர் என்றால் ஷூவில் அடிப்பாகம் தவிர மேலே இருக்கும் தோல் பகுதி முழுவதும். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அவள் கணவர் வெளிமாநிலத்துக்கு லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் சில நாட்கள்தான் வீட்டில் இருப்பார். இரண்டு பிள்ளைகள். சின்னது மூன்றாம் வகுப்பு.

அவள் உட்காரும் தையல் வரிசையில், அதாவது லைனில், ஓவர்டைம் நின்றது. பிறகு வாரத்தில் ஒரு நாள் வராதே என்றார்கள். அப்போதுதான் ஓசூரில் போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓர் ஏஜெண்ட் வந்தார். ஹாஸ்டலில் தங்கவேண்டும். திங்கட்கிழமை விடிகாலையில் பைபாஸில் வேன் நிற்கும், ஞாயிறு சாயங்காலத்துக்குள் பதில் சொல்லவேண்டும். அவள் போனால் பிள்ளைகள் எங்களோடு இருக்கும். எங்கள் மகள் கல்யாணமாகிப் போய்விட்டதால் வீட்டில் இடம் உண்டு. என் மனைவிக்கு மனமும் உண்டு. ஆனால் சின்னது, அம்மா ஓசூருக்குப் போகப்போகிறாள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டுதான் தூங்கியது.

சனிக்கிழமை பகல் ஷிப்ட் முடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நீங்க விலைவாசி எல்லாம் எழுதி வெக்கிறீங்கள்ல? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. ஷூ கம்பெனி நிக்குமா, நிக்காதா?"

"அதை எப்படிம்மா நான் சொல்றது?"

"பின்ன இன்னாத்துக்கு எழுதுறீங்க?"

என் மனைவி சிரித்தாள். "நல்லா கேளு. நானும் கல்யாணம் ஆனதுல இருந்து கேக்கறேன்."

அந்த நேரத்தில்தான் பாயின் மொபெட் வாசலில் வந்து நின்றது. வழக்கமாக வேலையாளிடம் கொடுத்தனுப்புகிறவர், அன்று கோணியைத் தானே முன்னால் வைத்து அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னா சார், முகம் தொங்கிப்போய் இருக்குது? இத பாருங்க முதல்ல." கோணியின் வாயை அவிழ்த்துக் கையை விட்டு ஒரு துண்டை எடுத்தார். ஒயின் நிறத் தோல். அவர் கையைவிடப் பெரிது. "இந்த சைஸ் பாத்து எவ்ளோ நாளாச்சு! பள்ளிகொண்டா பக்கம் ஒரு யூனிட்ல இருந்து எடுத்தேன். குடோன்ல இன்னும் இருக்குது. எல்லாமே பெரிய பீஸுதான்."

"பாய், அப்படின்னா ஆர்டர் வந்துடுச்சு."

"அதானே! அர்ஜென்ட்ல வெட்டித் தள்ளிக்கினு இருக்கானுங்க. இத சொல்லத்தான் நானே வந்தேன். தங்கச்சிமா, ஒரு டீ போடுங்க, சக்கர ஜாஸ்தியா."

நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்தோம். பாய் அமெரிக்காவை மன்னித்துவிட்டார். எத்தனை நாளைக்குத்தான் அவர்கள் வெறுங்காலோடு நடப்பார்கள் என்று கேட்டார். நான் மைத்துனியைப் பார்த்து, கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன்: "போகாதம்மா. இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. கோணி பெருசா வந்தா தொழில் எழுந்துக்குதுன்னு அர்த்தம். வருஷக்கணக்காப் பாத்து வெச்சிருக்கேன்."

அவள் முகம் மலர்ந்தது. "நெஜமாவா மாமா?"

என் மனைவி பேச்சில் சேராமல் போர்வையை விரித்துக் கோணியைக் கவிழ்த்தாள். வழக்கம்போலப் பிரிக்கத் தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் வைத்தாள். இரண்டும் இம்மி பிசகாமல் பொருந்தின. மூன்றாவதை வைத்தாள். அதுவும் பொருந்தியது.

"இன்னாடி இது, மிச்சம் விழுந்த பீஸு எல்லாம் ஒரே மாதிரியா இருக்குமா?"

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். இரண்டு அச்சுக்கு நடுவில் விழும் துண்டு ஒன்றைப்போல் ஒன்று இருக்கவே முடியாது. ஒரே மாதிரி இருந்தால் அது மிச்சம் இல்லை. அதுவே வெட்டியெடுத்த பாகம்.

மைத்துனி போர்வை ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். ஓரத்தில் அலை அலையாக வளைவு வெட்டிய ஒரு துண்டைக் கையில் எடுத்து, அந்த வளைவின்மேல் கட்டைவிரலை ஓட்டினாள். அவள் விரலுக்கு அந்த வளைவு பழக்கம் என்பது பார்க்கும்போதே தெரிந்தது.

"இது எங்க லைன் ஆர்டர் மாமா. பொம்பளைங்க போடற பூட்ஸு. ரெண்டு மாசமா இந்த வளைவைத்தான் தெச்சிக்கினு இருக்கேன். வியாழக்கிழமைல இருந்து பீஸ் வரலன்னு சும்மா உக்கார வெச்சிருந்தாங்க. வண்டி லேட்டுன்னாங்க."

வண்டி லேட் இல்லை. ஆர்டரே போய்விட்டது. அமெரிக்காவில் வாங்குகிறவர்கள் பாதியில் வேண்டாம் என்றுவிட்டார்கள். கூலிக்கு வெட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன யூனிட்டுக்காரர், கம்பெனியும் கைவிரித்ததும், அறையைக் காலி செய்வதற்காக வெட்டிவைத்த பாகங்களையெல்லாம் மிச்சத்தோடு மிச்சமாக எடைக்குப் போட்டிருக்கிறார். பாய் அங்கேயே போன் போட்டு விசாரித்ததில் இதுதான் தெரிந்தது. பிராண்ட் முத்திரை குத்திய பாகங்கள் என்றால் வெளியே விற்காமல் கிழித்துப்போடுவார்கள். இவை முத்திரை குத்துவதற்கு முந்தையவை. கம்பெனி தன் ஆட்களிடம் இன்னும் சொல்லியிருக்கவில்லை. மைத்துனிக்கு அந்தச் செய்தி தன் அக்காவின் கோணியிலிருந்து வந்தது.

பாய் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "பேஜார் பண்ணிட்டேனே" என்றார். "சக்கர வேற ஜாஸ்தி கேட்டு வாங்கிக் குடிச்சேன்."

மைத்துனி என்னைப் பார்த்தாள். "இப்ப இன்னா சொல்றீங்க மாமா?"

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். பெரிய துண்டுக்கு இப்படியும் ஓர் அர்த்தம் இருக்கும் என்று என் தாள்கள் எதிலும் இல்லை. இத்தனை வருடங்களில் எங்கள் கோணிக்கு அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் துண்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். முன்பக்கம் ஒரு குவியல், பின்பக்கம் ஒரு குவியல், நாக்கு ஒரு குவியல். சைஸுக்காக ஓரத்தில் போட்டிருந்த சின்ன வெட்டுக் குறிகளைப் பார்த்து இடது வலது சேர்த்தாள். எங்கள் நான்கு பேரில் அந்தத் துண்டுகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அக்கா, எல்லாமே இருக்குது. லைனிங்கூட இருக்குது. லேஸ் போட ஓட்டைதான் போடணும். தெச்சா இது அப்பரு."

"தெச்சி?"

"பஜார் பின்னாடி சந்துல லோக்கல் கடைங்களுக்கு ஷூ பண்றாரே ஒருத்தர், அவரு அப்பர வெளியில வாங்கித்தான அடி ஒட்டறாரு?"

"என் மெஷின்ல பூட்ஸு தெக்க வராதுடி. அதுக்குத் தூண் மாதிரி நிக்கிற மெஷின் வேணும்."

இரண்டு பெண்களும் பாயைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னா, என்னிய எதுக்குப் பாக்கறீங்க?" என்றார் பாய். பிறகு, "எங்க சின்னம்மா பையன் வீட்ல ஒண்ணு இருக்குது. துணி போட்டு மூடி வெச்சிருக்கான். ஆனா ஒரு விஷயம். மீதி கோணியெல்லாம் மெட்ராஸ் பார்ட்டிக்கு வாக்கு குடுத்துட்டேன். திங்கட்கிழமை வண்டி வருது."

எங்கள் ஊரில் தோல் வியாபாரம் வாயால் சொன்ன சொல்லின்மேல் நடக்கிறது. அதை மீறச்சொல்லி அவரிடம் கேட்கும் தைரியம் எங்களுக்கு இல்லை. அவர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அந்த ஆளு எங்கிட்ட இன்னா கேட்டான்?" என்றார் திடீரென்று. "கட்டிங் வேஸ்ட்டுன்னு கேட்டான். நான் இன்னா தர்றேன்னு சொன்னேன்? கட்டிங் வேஸ்ட். இது வேஸ்ட்டா தங்கச்சிமா?"

"இல்ல பாய்."

"பாதி ஷூவாச்சே! வேஸ்ட்டுன்னு சொல்லி ஷூவ குடுத்தா தப்பாயிடும். அவனுக்கு நெஜமான வேஸ்ட்டே அனுப்பிடறேன்." எழுந்து நின்று மொபெட் சாவியைத் தேடினார். "எடைக்கு வாங்கின விலைதான். மேல ஒரு பைசா வேணாம். ஆனா டீ நான் வர்றப்பல்லாம்."

அவர் அந்தச் சரக்கைத் தானே ஒரு தையற்காரரிடம் கொடுத்துத் தைத்து விற்றிருக்கலாம். அவருக்கும் கஷ்டகாலம்தான், குடோன் பாதி காலி. இதை எழுதுவதற்கான காரணங்களில் அவர் முக்கியமானவர். பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டதால் பாய் என்றே விட்டிருக்கிறேன்.

ஞாயிறு சாயங்காலம் மைத்துனி எங்கள் வீட்டிலிருந்துதான் ஏஜெண்டுக்குப் போன் செய்தாள். சின்னது பக்கத்தில் நின்றுகொண்டு அவள் வாயையே பார்த்தது.

"இல்லண்ணா, நான் வரல... ஆமா, யோசிச்சிட்டேன்." பிறகு வந்து கேட்டால் இடம் இருக்காது என்று எதிர்ப்பக்கம் காட்டமாகச் சொன்னது. "பரவால்லண்ணா. அப்புறம் வேன்ல சீட் இல்லன்னா நின்னுக்கினே வர்றேன்." சின்னது புடவைத் தலைப்பை விட்டுவிட்டுத் தெருவுக்கு விளையாட ஓடிப்போனது. அம்மா என்ன பணயம் வைத்தாள் என்பது அதற்குத் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை.

திங்கட்கிழமை கம்பெனியில் லைனையே கூப்பிட்டு, ஆர்டர் நின்றுவிட்டது, அடுத்தது வரும்வரை பாதிச் சம்பளத்தில் வீட்டில் இருங்கள் என்றார்கள். மற்றவர்கள் அழுதுகொண்டு பஸ் ஏறியபோது, இவள் அவர்களில் இரண்டு பேரைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். மூடிவைத்த மெஷின் துணி நீங்கி எங்கள் முன்னறைக்கு வந்தது. நான் பேப்பர் படிக்கும் இடம் சமையலறை வாசலுக்குப் போனது. புரட்டாசி, ஐப்பசி முழுவதும் அந்த அறையில் மெஷின் சத்தமும் சிரிப்பும்தான். சந்துக்காரர் முதலில் பத்து ஜோடி அப்பர் வாங்கிப் பார்த்தார். பிறகு, இந்த ஊரில் பூட்ஸ் யார் போடுவார்கள் என்று சொல்லிக் கழுத்தைக் கொஞ்சம் குட்டையாக்கச் சொன்னார். பிறகு மொத்தமாக எடுத்துக்கொண்டார்.

இந்த ஊரில் யார் போடுவார்கள் என்பதற்குக் கிறிஸ்துமஸ் அன்று பதில் கிடைத்தது. எங்கள் தெரு வழியாகச் சர்ச்சுக்குப் போன இளம்பெண்களில் மூன்று பேர் காலில் ஒயின் நிறக் குட்டை பூட்ஸ். ஓரத்தில் அலை அலையான வளைவு. என் மனைவி வாசலில் கோலம் போட்டபடி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடது கால்ல தையல் நேரா வந்திருக்குது பாருங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

வணிகப் பக்கங்களை நான் இன்னும் படிக்கிறேன். செம்பு ஏறியது, எண்ணெய் இறங்கியது என்று வந்தால், அதைக் கையில் வைத்திருந்தவர் யார், எதற்காக விட்டார் என்று இப்போதெல்லாம் தேட ஆரம்பித்திருக்கிறேன். பெரும்பாலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. ஒவ்வொரு கோணியையும் போர்வையில் கொட்டிப் பார்க்க அவர்களுக்கு என் மனைவி கிடைக்கவில்லை.

தை மாதத்தில் மைத்துனியைக் கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டார்கள். முன்பைவிடச் சின்ன லைன். வேறு தேசத்துக்குப் போகும் ஆர்டர். முதல் வாரம் அவள் யாரிடமும் மகிழ்ச்சியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மறுபடியும் பீஸ் வராமல் போய்விடுமோ என்று பயந்தாள். மெஷினையும் திருப்பிக் கேட்கவேண்டாம், கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று பாயிடம் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம் பாயின் வேலையாள் கோணி கொண்டுவந்து போட்டார். என் மனைவி போர்வையை விரித்துக் கவிழ்த்தாள். நானும் அவளும் குனிந்து பார்த்தோம். பழுப்பு நிறத் தோல். நாடா மாதிரி, பிறை மாதிரி, ஒல்லி ஒல்லியாக. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. யாரோ ஒரு மேனேஜர் பின்னாலேயே நின்று, ஒரு விரற்கடையும் வீணாகாமல் வெட்டவைத்திருக்கிறார். நெருக்கடி தீரவில்லை என்று அதற்கு அர்த்தம். ஆனால் வெட்டிய பாகங்கள் இதில் இல்லை. அவை போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கின்றன.

"ஒரு சாவிக்கொத்துக்குக்கூட ஆகாது" என்றாள் என் மனைவி. சொல்லிவிட்டு ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு சிரித்தாள். உடனே தங்கைக்குப் போன் போட்டாள். எதிர்ப்பக்கம் கம்பெனி பஸ்ஸின் இரைச்சலும் பெண்களின் பேச்சும் கேட்டன.

"ஏண்டி, உங்க கம்பெனில இப்போ தைக்கிறது பழுப்பு கலரா?"

"ஆமாக்கா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. மிச்சம் வந்திருக்குது."